புயல் கடற்கரையோடு நிற்பதில்லை: வாசகர் கேள்விகள்

ஐப்பசி அடைமழைக்கு முன் புயல் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்தவற்றில் செட்டிநாட்டுப் பகுதிக்கு மிகவும் பொருந்துகிறவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வானிலை, கட்டடம், வேளாண்மை அறிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

எங்களுக்குக் கடலே கிடையாது. புயலடித்தால் நாகப்பட்டினத்துக்கும் ராமேசுவரத்துக்கும்தானே பாதிப்பு? காரைக்குடிக்காரர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?
புதுவயல் வாசகர்

தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடற்கரைக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 40 கி.மீ. கரையைக் கடந்த புயல் மணிக்கு 15 முதல் 20 கி.மீ. நகர்ந்தால் அந்தத் தூரத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் அது முழுவதும் அடங்கிவிடாது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஆனால் கடற்கரையைப் பார்க்காத ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. மலையைத் தாண்டி அரபிக் கடல் வரை போன புயல் அது.

நமக்கு வராதது கடல் நீர் மட்டும்தான். காற்று கடலைக் கரை நோக்கித் தள்ளும்போது ஆழம் குறைந்த இடத்தில் நீர் மேலெழும்பி ஊருக்குள் புகும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது அதுவே. தொண்டி, எஸ்.பி.பட்டினம், மீமிசல் பக்கம் உறவினர் இருந்தால் எச்சரிக்கை வந்தவுடன் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். காற்றும் மழையும் மட்டும் நம் ஊருக்கு வரும். அவற்றில் மழைக்குப் பலத்த காற்றுகூடத் தேவையில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து ராமநாதபுரம் பக்கத்தில் நகராமல் நின்றது. புயலாக இல்லாவிட்டாலும் மழை நாள்கணக்கில் நீடித்தது.

புயல் எப்படி உருவாகிறது? ஏன் ஐப்பசி, கார்த்திகையிலேயே வருகிறது?
பள்ளத்தூர் பள்ளி மாணவி

புயலுக்கு எரிபொருள் நீராவி. கடலின் மேல்மட்ட வெப்பம் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். மேலே மட்டும் சூடாக இருந்தால் போதாது. ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை அந்தச் சூடு வேண்டும். காற்று கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிட்டால் எரிபொருள் தீர்ந்துவிடும். சூடான கடலிலிருந்து ஆவியாகும் நீர் மேலே போய்க் குளிர்ந்து மேகத் துளியாகிறது. அப்போது ஆவியாவதற்காக அது வாங்கிக்கொண்ட வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை லேசாக்கி இன்னும் மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்கு நாலாபக்கமும் இருந்து ஈரக் காற்று ஓடிவருகிறது. வந்த காற்றும் ஏறி, குளிர்ந்து, வெப்பத்தை விடுகிறது. இந்தச் சுற்று தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதுதான் புயல்.

ஓடிவரும் காற்று நேராக மையத்துக்குப் போய்விட்டால் பள்ளம் நிரம்பிவிடும். பூமியின் சுழற்சி அதை வலப்பக்கமாகத் திருப்புவதால் அது மையத்தைச் சுற்றுகிறது. நமது அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறத்தாழ 5 டிகிரிக்குள், இந்தத் திருப்பம் போதாததால் அங்கே புயல் உருவாவது மிக அரிது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கீழே வீசும் காற்றும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் வீசும் காற்றும் வேகத்திலும் திசையிலும் அதிகம் மாறுபடக் கூடாது. மாறுபட்டால் மேகக் கோபுரம் சாய்ந்து, வெப்பம் ஓரிடத்தில் சேராமல் சிதறும். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று கீழே மேற்கிலிருந்தும் உயரத்தில் கிழக்கிலிருந்தும் பலமாக வீசுவதால் வங்கக் கடல் சூடாக இருந்தும் பெரும்புயல் எழுவதில்லை. ஐப்பசியில் அந்த மாறுபாடு தளர்கிறது, மழைப் பட்டை தெற்கே இறங்குகிறது, கடலில் சூடு மிச்சம் இருக்கிறது. அதனால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரைக்குப் புயல் காலம்.

மகன் புளோரிடாவில் இருக்கிறான். அங்கே "ஹரிகேன் வகை 2" என்கிறார்கள். இங்கே "தீவிரப் புயல்" என்கிறார்கள். எது பெரிது?
தேவகோட்டை வாசகி

ஆச்சி, இரண்டும் ஒரே வகைக் காற்றுதான். அட்லாண்டிக்கில் ஹரிகேன், சீனா, ஜப்பான் பக்கம் டைஃபூன், இங்கே புயல். அளவுகோல் மட்டும் வேறு. இங்கே காற்று மணிக்கு 62 கி.மீ. எட்டினால் புயல், 89 எட்டினால் தீவிரப் புயல், 118 எட்டினால் மிகத் தீவிரப் புயல். அமெரிக்காவில் 119 கி.மீ. தொட்டால்தான் ஹரிகேன் வகை 1 என்ற பெயரே கிடைக்கும். வகை 2 என்பது 154 முதல் 177 வரை. ஆக, நம் தீவிரப் புயலைவிட உங்கள் மகன் சொல்வது பலமானது. அவர்கள் ஒரு நிமிடச் சராசரியையும் நாம் மூன்று நிமிடச் சராசரியையும் எடுப்பதால் எண்களை அப்படியே ஒப்பிடவும் முடியாது. தம்பியிடம் வகை எண்ணைக் கேட்பதைவிட, அவன் வீடு இருக்கும் பகுதியிலிருந்து வெளியேறச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதுதான் அங்கே முக்கியம்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். எந்த நிறத்தில் நாம் வேலையைத் தொடங்க வேண்டும்?
கோட்டையூர் வாசகர்

ஆரஞ்சில். சிவப்பு வரும்போது ஏணி மேல் ஏறும் நிலை இருக்காது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதி கனமழை. புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும். ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் முதல் கவனிப்பு, 48 மணிக்கு முன் உஷார் நிலை, 24 மணிக்கு முன் எச்சரிக்கை, 12 மணிக்கு முன் கரை கடந்த பிறகு என்ன ஆகும் என்ற அறிக்கை. இந்த நான்காவதுதான் உள்நாட்டு மாவட்டங்களுக்கானது. செய்தியில் "நாகை அருகே கரை கடக்கும்" என்று கேட்டுவிட்டு டிவியை அணைத்துவிடுகிறார்கள். கடந்த பிறகு எந்த மாவட்டங்கள் வழியாகப் போகும் என்பதை நாம் கேட்க வேண்டும். துறைமுகக் கூண்டு எண்கள் கப்பல்களுக்கானவை.

மின்சாரமும் செல்போன் டவரும் போன பிறகும் புயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பாதுகாப்பான இடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். நமக்கு வடக்கே, வேதாரண்யம் வழியாக வரும் புயலில் காற்று முதலில் வடமேற்கிலிருந்தும், பிறகு மேற்கிலிருந்தும், கடைசியில் தென்மேற்கிலிருந்தும் வீசும். தெற்கே பாம்பன் பக்கம் போகும் புயலில் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று மாறும். பலமான காற்று திடீரென்று முற்றிலும் நின்றால் புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது என்று பொருள். சில நிமிடங்களிலிருந்து அரை மணி, ஒரு மணி வரை அமைதி இருக்கலாம். அதன் பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் தள்ளப்பட்டுத் தளர்ந்து நிற்கும் மரமும் சுவரும் அப்போதுதான் விழும். அமைதியைப் பார்த்து வெளியே போகிறவர்கள் அதில் சிக்குகிறார்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீடு பூட்டியே கிடக்கிறது. வாட்ச்மேன் ஒருவர்தான். புயலுக்கு முன் அவரிடம் என்ன செய்யச் சொல்வது?
சிங்கப்பூர் வாசகர்

முதலில் வளவு, அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றம். ஒரு கட்டின் கூரையில் 2,000 சதுர அடி வளவை நோக்கிச் சரிந்திருக்கிறது, வளவு 20க்கு 30 அடி என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. மழையில் கூரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 18,600 லிட்டர் இறங்கும். நீர்ப்போக்கி அடைத்திருந்தால் வளவில் 43 செ.மீ., அதாவது ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் நிற்கும். வளவைச் சுற்றியுள்ள பட்டாலைத் திண்ணைக்கும் இரட்டை அறைகளுக்கும் ஏறி, தேக்குத் தூணின் அடியையும் கதவு நிலையையும் நனைக்க அது போதும். வீட்டை மேடை போட்டு உயர்த்தியதற்குக் காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்கோளின் நினைவுதான் காரணம் என்று சொல்லும் மரபு உண்டு. தெருத் தண்ணீரை அந்த மேடை தடுக்கும். வளவுக்குள் விழும் தண்ணீரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வாட்ச்மேனிடம் நான்கு குடம் தண்ணீரை வளவில் ஊற்றச் சொல்லி, அது வெளியே தெரு வாய்க்காலில் விழுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் நீங்களே பார்க்கலாம். உள்வாய் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், பாதி வழியில் வேர் அடைத்திருக்கும். கூரை இறங்கு மூலைகளில் உள்ள தகரக் கால்வாயிலும் இலை, குருவிக்கூடு, உடைந்த ஓட்டுச் சில்லு சேர்ந்திருக்கும். அவற்றை அள்ள வேண்டும்.

இரண்டாவது ஓடு. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். மணிக்கு 100 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு ஏறத்தாழ 4.4 கிலோ. கூரையின் விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும் உறிஞ்சும் விசை இதையும் தாண்டும். மங்களூர் ஓடு சதுர அடிக்கு 4 கிலோ அளவுதான். எனவே நடுக்கூரை தப்பினாலும் ஓரத்து இரண்டு மூன்று வரிசையும் முகட்டு ஓடும் முதலில் கிளம்பும், பிறகு அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து மற்றவற்றைக் கிளப்பும். ஓட்டின் அடிப்பக்கக் காதில் துளை இருக்கும். துருப்பிடிக்காத கம்பியை அதில் கோத்து, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரில் கட்ட வேண்டும். முகட்டுச் சாந்து வெடித்திருந்தால் சுண்ணாம்புச் சாந்தில் பூச வேண்டும். பல அடுக்கு நாட்டு ஓடு கனமாக இருப்பதால் காற்றுக்கு ஓரளவு நிற்கும். ஆனால் குரங்கும் பூனையும் நகர்த்திய இடத்தில் தண்ணீர் இறங்கி, வெளியே தெரியாமலே சட்டமும் மச்சும் ஊறும். ஓடு மாற்றும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். புயல் அறிவித்த பிறகு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் நனைந்த ஓட்டில் ஏற்றக் கூடாது.

மூன்றாவது கதவு. நம் வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை, முகப்புக் கதவிலிருந்து பின்கட்டுக் கதவு வரை நேர்கோட்டில் இருக்கும். காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே மேலிருந்து உறிஞ்சும், இரண்டும் சேரும். ஒரு பக்கச் சன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் மூடி, பின்கட்டுக் கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். தளர்ந்த கொண்டியில் பூட்டு இருந்து பயனில்லை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளிப்பக்கம் 12 மி.மீ. பிளைவுட் பலகை அறையுங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டுவது உடைவதைத் தடுக்காது.

மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மாடியில் சும்மா கிடக்கும் பூந்தொட்டி, டிஷ் ஆன்டெனா, தகரம் எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் காற்றோடு போய்விடும். இதையெல்லாம் முடித்த பிறகு வாட்ச்மேன் அந்த வீட்டில் தனியாக இரவு தங்கத் தேவையில்லை. அவர் தன் குடும்பத்தோடு இருக்கட்டும்.

மழை விட்டபின் ஆத்தங்குடிக் கல் தரையில் சேறு காயும் முன் வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஆசிட் பட்டால் அந்தக் கல்லின் மேல்பூச்சு போய்விடும். ஊறிய சுண்ணாம்புச் சுவரை மாதக்கணக்கில் ஆற விடுங்கள். அவசரப்பட்டு எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சைப் பாளம் பாளமாகக் கழற்றும்.

எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. மேலே கல்லும் மணல் மூட்டையும் வைத்தால் போதுமா?
சாக்கோட்டை வாசகி

போதாது அம்மா, கல் வைப்பது ஆபத்தும்கூட. மேலே சொன்ன 4.4 கிலோ கணக்கை நினைவில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சதுர அடிக்கு ஒன்றேகால் கிலோ, மெல்லிய இரும்புத் தகடு அரைக் கிலோகூட இருக்காது. அவை தம் எடையால் நிற்கவில்லை, போல்ட்டால் நிற்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், ஆகவே 50 கி.மீ. காற்றில் தப்பிய கூரை 100 கி.மீ. காற்றில் தப்பும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் ஷீட்டுக்குக் குறைந்தது இரண்டு ஜே போல்ட், நெளிவின் மேட்டில், வாஷரோடு இருக்க வேண்டும். ஓரத்திலும் முகட்டிலும் கூடுதலாக வேண்டும். போல்ட் சரியாக இருந்தும் சட்டமே சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தால் கூரை மொத்தமாகப் போகும். சட்டத்தை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும். இவை முடியாவிட்டால் 12 மி.மீ. நைலான் கயிற்றைக் கூரைக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, இருபுறமும் ஆழமாக அடித்த முளையில் இழுத்துக் கட்டுங்கள்.

உங்கள் பகுதிக்கே 80 கி.மீ.க்கு மேல் காற்று என்று அறிவித்தால் பொழுது இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கோ கான்கிரீட் வீட்டுக்கோ போய்விடுங்கள். புயல் முடிந்த மறுநாள் ஷீட்டைச் சரிசெய்ய ஏறுகிறவர்கள் அதை உடைத்துக்கொண்டு விழுந்து உயிரிழக்கிறார்கள். ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தால் கரை தாங்குமா என்று பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
கல்லல் பக்கத்து விவசாயி

கலுங்கை, அதாவது கண்மாய் நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடத்தை. கூடுதலாகத் தண்ணீர் நிறுத்தலாம் என்று கலுங்கின் மேல் பலகையோ மூட்டையோ அடுக்கியிருந்தால் புயல் மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். மண்கரை மேல் தண்ணீர் வழியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் அரித்துவிடும். கலுங்குக்குக் கீழே சீமைக்கருவேலம் மண்டியிருந்தாலும் இதே கதிதான்.

கரையின் வெளிச்சரிவில் கசிவு தெரிந்தால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த கசிவைக் கவனித்துவந்தால் போதும். கலங்கிய கசிவு என்றால் உள்ளே மண் கரைந்து துளை பெரிதாகிறது என்று பொருள். எலி வளையும் செத்த வேரும்தான் அதற்குப் பெரும்பாலும் தொடக்கம். அந்த வாயை மூட்டையால் அடைக்காதீர்கள், அடைத்தால் வேறிடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் வட்டமாக உறை போலக் கட்டுங்கள். உள்ளே நீர் மட்டம் ஏறும்போது எதிர் அழுத்தம் வந்து, கலங்கல் நின்று தெளிந்த நீர் மட்டும் வழியும். மூட்டையை முழுவதும் நிரப்பாமல் முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். உடனே ஊராட்சிக்கும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்கும் சொல்லுங்கள்.

வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?
காரைக்குடி வாசகி

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர், ஒரு வாரத்துக்கான மருந்து, பேட்டரி ரேடியோ, டார்ச், சில்லறையாகப் பணம். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனதால் ஃபிரிட்ஜில் வைக்கும் எதையும் நம்பாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் புது மண்பானையில் ஈர மணல் போட்டு, உள்ளே மூடிய டப்பாவில் மருந்தை வைக்கலாம். ஜெனரேட்டரை வளவிலோ பின்கட்டிலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு உண்டு. சன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே இருக்க வேண்டும். அறுந்த மின்கம்பியைப் பார்த்தால் மின்னகம் 94987 94987.

தென்னையைக் காப்பாற்ற வழி உண்டா? சாய்ந்ததை நிமிர்த்தலாமா?
ஆலங்குடி விவசாயி

எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காயையும் இளநீர்க் குலையையும் இறக்கி, அடிமட்டைகளை வெட்டிவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் சாயும் வாய்ப்பு குறையும். இரண்டு மூன்று அடிக்குக் கீழே செம்புறாங்கல் இருக்கும் நிலத்தில் வேர் ஆழம் போகாததால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வாழைக்குச் சவுக்கு அல்லது தைலமரக் கம்பு முட்டுக்கொடுத்து, தாரை முன்னதாக வெட்டலாம்.

சாய்ந்ததில் இளங்கன்றை மட்டும் நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கம் கயிறு கட்டினால் பிழைக்கும். வளர்ந்த மரத்தில் வேர் அறுந்திருந்தால் வீண் செலவு. விழுந்த மரத்தைத் தோப்பிலேயே விடாதீர்கள். மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற மரங்களின் குருத்தைத் துளைக்கும்.

வெள்ளம் புகுந்த கிணற்றைச் சுத்தம் செய்வது எப்படி?
திருப்பத்தூர் வாசகர்

கலங்கல் நீரை இறைத்துவிட்டு, புது ஊற்று வந்தபின் அளவு எடுங்கள். கிணற்றின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 12.56 கன மீட்டர், அதாவது 12,560 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 31 கிராம் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறு என்பதால் இரட்டிப்பாக 63 கிராம் போடுங்கள். திறந்து நாளான பவுடரில் வீரியம் இருக்காது, நெடி மூக்கில் ஏறாவிட்டால் வேறு வாங்குங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும், அதைக் கிணற்றில் கொட்டாதீர்கள். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது நல்லது, குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். குடிக்க எடுப்பதை அதன் பிறகும் சில வாரங்கள் கொதிக்க வைத்தே குடியுங்கள்.